எம்.டெக்.குக்குப் பின் எம்.ஏ.: பி.ஏ.விலிருந்து தொடங்க வேண்டியதில்லை

"எம்.டெக். முடித்தவர் வரலாறு படிக்க விரும்பினால் மறுபடியும் பி.ஏ.விலிருந்துதான் தொடங்க வேண்டும்" என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பொது விதியாக அது சரியல்ல.

இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. வரலாற்றுக்கு ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் போதும், பி.இ.யும் பி.டெக்.கும் இளங்கலைப் பட்டங்களே. தவிர, 2024 ஜூனில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட முதுகலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, இளங்கலையில் எந்தத் துறை படித்திருந்தாலும் தேசிய அல்லது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினால் வேறு துறையில் முதுகலை சேரலாம் என்கிறது.

எல்லாத் துறைகளும் அப்படியே திறந்துவிட்டன என்று சொல்லவில்லை. இளங்கலையில் அதே பாடத்தைக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. இக்னோ இணையதளத்தில் அந்தப் படிப்பின் பக்கத்தைத் திறந்து 'தகுதி' என்ற வரியைப் படியுங்கள். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் கியூட் எனும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் முதுகலைத் தகவல் கையேட்டோடு, சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பையும் பாருங்கள். அதில் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று இருக்கிறதா, 'அதே பாடத்தில் பட்டம்' என்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எம்.டெக். முடித்த நான் எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்தபோது எம்.டெக். சான்றிதழ் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, கேட்டது பி.இ. சான்றிதழை மட்டும்.