வாஷிங்டனைக் குதிரையிலிருந்து இறக்கி வீட்டுக்குள் கூட்டிப் போங்கள்

ஜார்ஜ் வாஷிங்டனைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அவர் குதிரை மேல் இருக்கிறார், அல்லது படகில் இருக்கிறார். 2000-ல் வந்த 'தி கிராசிங்' படத்தில் ஜெஃப் டேனியல்ஸ், பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில், 1776 கிறிஸ்துமஸ் இரவில் பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடக்கிறார். 1984 தொலைக்காட்சித் தொடரில் பாரி பாஸ்ட்விக் கம்பீரமாக வருவார். எனக்குப் பிடித்தவர் 2008 'ஜான் ஆடம்ஸ்' தொடரின் டேவிட் மோர்ஸ்தான். அதிகம் பேசாத, உதட்டை இறுக்கி மூடிய மனிதர். 1789-ல் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது வாஷிங்டனுக்குச் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மோர்ஸின் முகத்தில் அந்த வலி தெரியும்.

மூவருமே நல்ல நடிகர்கள். ஆனால் இவர்கள் யாரும் என்னை வாஷிங்டனின் பண்ணை வீடான மவுண்ட் வெர்னனுக்குத் தயார்படுத்தவில்லை.

வாஷிங்டன் நகரத்துக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், பொட்டோமேக் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த வீடு. தூரத்தில் கல் கட்டடம் போலத் தெரியும். பக்கத்தில் போனால் மரம். பைன் பலகையைக் கல் வடிவில் செதுக்கி, ஈரப் பெயின்ட் மேல் மணலைத் தூவி அப்படி ஆக்கியிருக்கிறார்கள். நடுக்கூடத்தில் ஒரு பெரிய இரும்புச் சாவி மாட்டியிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் தகர்த்த, பாரிஸின் பாஸ்டில் சிறைச்சாலைச் சாவி அது. வாஷிங்டனோடு அமெரிக்கப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுக்காரர் லஃபாயெத் 1790-ல் அனுப்பி வைத்தது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அடிமைகள் படுத்த பலகைக் கட்டில்கள். எனக்கு அப்புறம் வேறு எதையும் பார்க்க மனம் வரவில்லை.

வாஷிங்டன் இறந்த 1799-ல் அந்தப் பண்ணை ஏறத்தாழ 8,000 ஏக்கர், ஐந்து பிரிவுகள். கோதுமை, மாவு ஆலை, மீன்பிடி. அந்த ஒரே வருடத்தில் வடிசாலையில் இறக்கிய விஸ்கி கிட்டத்தட்ட 11,000 காலன். இதை நடத்தியது 317 அடிமைகளின் உழைப்பு. அதில் 123 பேர் வாஷிங்டனுடையவர்கள். 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் கஸ்டிஸ் விட்டுப்போன சொத்து. அவர்கள் மேல் மார்த்தாவுக்கு ஆயுள் வரை அனுபவ பாத்தியதை மட்டுமே. விற்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. மார்த்தாவுக்குப் பின் பேரப்பிள்ளைகளுக்குப் போய்விடுவார்கள். மனிதர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்; நிலபுலன் கணக்கு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது.

ஒனா ஜட்ஜ் அந்த 153 பேர் வகையைச் சேர்ந்தவர், மார்த்தாவின் பணிப்பெண். அப்போது தலைநகரம் பென்சில்வேனியாவின் பிலடெல்பியா. ஆறு மாதம் தொடர்ந்து அங்கே வைத்திருந்தால் அடிமை விடுதலை கேட்கலாம் என்பது பென்சில்வேனியா சட்டம். அதனால் ஆறு மாதம் முடியுமுன் தங்கள் அடிமைகளை மாநிலத்துக்கு வெளியே அனுப்பி, திரும்ப வரவழைத்தார்கள். அடிமைகளுக்கும் ஊராருக்கும் காரணம் தெரியாதபடி இதைச் செய்யச் சொல்லி, 1791-ல் செயலர் டோபியாஸ் லியருக்கு வாஷிங்டனே கடிதம் எழுதினார். மார்த்தாவின் பேத்திக்குத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே மாதம், வாஷிங்டன் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒனா வெளியேறினார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போனார். பிடித்துக் கொடுத்தால் 10 டாலர் என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. குடியரசுத் தலைவர் ஒரு சுங்க அதிகாரி மூலமாகவே அவரைத் திரும்பப் பெறப் பார்த்தார். ஒனா 1848-ல் இறந்தார், சட்டப்படி அப்போதும் தப்பியோடிய அடிமையாகவே. இந்தப் பெண்ணை நான் பார்த்த எந்த வாஷிங்டன் படத்திலும் கண்டதில்லை. 'ஹாமில்டன்' இசை நாடக மேடையில் வாஷிங்டனாகக் கறுப்பினக் கலைஞர் கிறிஸ்டோபர் ஜாக்சன் அருமையாகப் பாடினார். அங்கேயும் ஒனா இல்லை.

வாஷிங்டனைத் தாழ்த்துவதற்காக இதை எழுதவில்லை. 1783-ல் படையைக் கையில் வைத்திருந்தவர் பதவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இரண்டு தவணையோடு தலைவர் பதவியையும் விட்டார். அந்தப் பெருமை உண்மை. அதே மனிதர் 1799 ஜூலையில் 29 பக்க உயிலைத் தன் கைப்படவே எழுதினார். மார்த்தாவின் காலத்துக்குப் பின் தன் அடிமைகள் அனைவருக்கும் விடுதலை. போர் முழுக்கக் கூடவே இருந்த வில்லியம் லீக்கு உடனே விடுதலை, வருடம் 30 டாலர். தன் சாவுக்காக இத்தனை பேர் காத்திருப்பது மார்த்தாவுக்குப் பயமாகிவிட்டது. 1801 ஜனவரி 1-ம் தேதியே விடுவித்துவிட்டார். மற்ற 153 பேருக்கு எதுவும் மாறவில்லை. இரு தரப்பு அடிமைகளும் ஒருவரையொருவர் கல்யாணம் கட்டியிருந்தார்கள். கணவனுக்கு விடுதலை, மனைவிக்கு இல்லை என்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? இதைவிட ஒரு இயக்குநருக்கு என்ன கதை வேண்டும்?

நான் கேட்கும் படம் ஒரே அறையில் நடக்கலாம். 1799 டிசம்பர் 14. வாஷிங்டன் தொண்டை அடைத்து மூச்சுத் திணறுகிறார். வைத்தியர்கள் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள். மார்த்தாவிடம் இரண்டு உயில்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒன்றை எரிக்கச் சொல்கிறார். கட்டிலருகே கிறிஸ்டோபர் ஷீல்ஸ் என்ற இளைஞன் நிற்கிறான். மூன்று மாதம் முன்பு மனைவியோடு தப்பிக்கத் திட்டமிட்டு அகப்பட்டவன். கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்தவன், எரியாமல் மிஞ்சிய அந்த உயிலாலும் அவனுக்கு விடுதலை இல்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறான். பிற்பகலில் வாஷிங்டன் அதைக் கவனித்து, பக்கத்து நாற்காலியைக் காட்டி, உட்கார் என்று சைகை செய்கிறார்.