குற்றவாளியா, சுற்றவாளியா?

போன மாதம் காணி அலுவலாக நீதிமன்றம் போயிருந்தேன். என் வழக்குக் கூப்பிடப் பிந்தியதால், நீதவான் நீதிமன்றத்தில் பின்வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெடியன் கூண்டில் ஏறினான். காற்சட்டை விளிம்பில் சீமெந்து காய்ந்து கிடந்தது. கைகலப்பு வழக்கு. சட்டத்தரணி இல்லை. "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டார்கள். (சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவன். நீதிமன்றத்துக்கு வெளியே அந்தச் சொல்லை யார் பேசுகிறார்கள்?) கொஞ்சம் முழித்துவிட்டு "குற்றவாளி" என்றான். தண்டம் விதித்தார்கள், முடிந்தது.

வெளியே வந்தபோது கேட்டேன், "உண்மையா அடிச்சனியா தம்பி?"

"இல்லை அண்ணை. விலக்குப் பிடிக்கப் போனனான். சுற்றவாளி எண்டா தவணை தவணையா வரவேணும். ரெண்டு நாள் நிண்டா மேசன் வேற ஆளைப் பிடிச்சிடுவார்."

அவன் சொன்ன கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்கைப் போட வைத்ததுதான் பிழை.

சட்டத்தரணி மூலம் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமை இலங்கை அரசியலமைப்பின் 13(3) உறுப்புரையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தரணிக்குக் காசு யார் கொடுப்பது என்று அதில் இல்லை. பெரிய குற்றங்களை விசாரிக்கும் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகர்வுப் பத்திரம் (குற்றச்சாட்டை எழுதிய பத்திரம்) கொடுக்கும்போது, வசதியில்லாதவர் கேட்டால் அரச செலவில் ஒருவரை நியமிப்பார்கள். சரி, நல்லது. ஆனால் ஏழைகளில் பெரும்பாலானோரின் வழக்கு நீதவான் நீதிமன்றத்தோடு முடிந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் பொலிஸ், அரச சம்பளத்தில். இந்தப் பக்கம் சீமெந்துக் காற்சட்டை, தனியாக.

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் சட்ட உதவி ஆணைக்குழு வந்தது. யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. தாபரிப்பு, விவாகரத்து என்று போகிற பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நேற்று இரவு பிடிபட்டு இன்று காலை கூண்டில் நிற்கிறவன் எந்த அலுவலகத்துக்கு நடந்து போவான்?

"கள்ளனுக்கும் குடிகாரனுக்கும் எங்கட வரிக்காசோ?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, சட்டத்தரணி கேட்டும் கிடைக்காமல், தானே வாதாடி, களவு வழக்கில் ஐந்து வருடச் சிறைத்தண்டனை வாங்கினார். உள்ளே இருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. மறுவிசாரணையில் சட்டத்தரணி ஒருவர் வாதாடினார், ஆள் விடுதலை. வழக்கு அதே வழக்குத்தான்.

பிணை இன்னொரு கூத்து. 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு. ஆனால் கையெழுத்து வைக்க ஆள் பிடித்து, கிராம சேவகரிடம் கடிதம் எடுத்து வருவதற்குள் பின்னேரம் ஆகிவிடும். பிறகென்ன, மறியல்தான், சிறைக்குள் இருக்க வேண்டியதுதான்.

நான் கேட்பது பெரிய விசயமில்லை. ஒவ்வொரு நீதவான் நீதிமன்றத்திலும் காலையில் அரச செலவில் ஒரு சட்டத்தரணி இருக்க வேண்டும். கூண்டில் ஏறும் முன் பத்து நிமிடம் பேசினால்கூடப் போதும்.

அந்தப் பெடியன் தண்டம் கட்டிய பற்றுச்சீட்டை நாலாய் மடித்து பொக்கற்றில் வைத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணை, கட்டாருக்குப் போக அலுவல் பாக்கிறன். இது பொலிஸ் ரிப்போட்டில வருமோ?"