விதை என்றுதான் பவுல் சொல்கிறார்
இறந்தவர்கள் ஒருநாள் உடலோடு எழுவார்கள் என்ற எங்கள் கிறிஸ்தவ உயிர்த்தெழுதல் நம்பிக்கையை வெறும் மன ஆறுதல் என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், எனக்கு அது போதவில்லை. எங்கள் அப்பாவை சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். சிங்கப்பூரில் கல்லறை 15 வருடத்துக்குத்தான், அப்புறம் தோண்டி எடுத்து, கிறிஸ்தவர்கள் என்றால் எலும்புகளைத் தகனம் செய்து சாம்பலாகத் தருவார்கள். தோண்டப் போவதாக வந்த அறிவிப்பைப் பார்த்த அன்று அம்மா உடைந்துபோனார். "எரிச்சுட்டா உங்க அப்பா எப்படிப்பா எழுந்திருப்பாரு?" எனக்குப் பதில் வரவில்லை.

பாஸ்டர் வீட்டுக்கு வந்து பைபிளில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தார். விதைத்த விதை அப்படியே திரும்பி வருவதில்லை, ஆனாலும் முளைப்பது அதன் பயிர்தான், கனவீனமாய்ப் போனது மகிமையாய் எழும் என்று பவுல் அதில் சொல்வது எலும்பு மிச்சம் இருக்கும் என்று நம்பி அல்ல, எழுப்புகிறவரை நம்பித்தான். இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கதையிலும், அவன் இறந்து நான்கு நாளாகிவிட்டது, நாறுமே என்று அவன் சகோதரி மார்த்தாள் தயங்கிய அதே இடத்தில்தானே, விசுவாசித்தால் தேவனுடைய மகிமையைக் காண்பாய் என்றார் இயேசு!

சரி, அம்மா இப்போதும் அழுகிறார்தான். ஆனால் சாம்பல் வைத்த மாடத்தின் கல்லைத் தொட்டு, "பார்ப்போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்.