சாமந்தி ஓரிடத்தில் ஆயுள், இன்னோரிடத்தில் கல்லறை

"இந்தப் பூவுக்கு இந்த அர்த்தம்" என்று ஒரு பட்டியல் அடிக்கடி கண்ணில் படுகிறது. சிவப்பு ரோஜா என்றால் காதல். மஞ்சள் ரோஜா ஒரு பட்டியலில் நட்பு, இன்னொன்றில் பொறாமை. சாமந்தி மகிழ்ச்சி. கடைசியில் "பழங்காலம் தொட்டு வரும் நம்பிக்கை" என்று ஒரு வரி. இவற்றைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பூக்களைப் பற்றி மனிதர்கள் சேர்த்து வைத்த கதைகளில் உயிரான பகுதியே "ஏன் அப்படி?" என்பதுதான். அதைத்தான் முதலில் வெட்டிப் போடுகிறார்கள்.

பழங்காலம் என்பதும் சரியில்லை. 1819-ல் பாரிஸில் சார்லட் டி லத்தூர் என்ற புனைபெயரில் மலர்களின் மொழி பற்றி ஒரு நூல் வந்தது. அது நன்றாக விற்றதும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அதே மாதிரி மலர் அகராதிகள் வரிசையாக வந்தன. ஒன்றில் சொன்ன பொருளை அடுத்தது மாற்றிச் சொன்னது. இன்று சுற்றுகிற பட்டியல்களில் பலவற்றுக்கு மூலம் அந்த அகராதிகள்தான்.

சரி, சாமந்தியையே எடுத்துக்கொள்வோம். சீனாவில் நிலவுக் கணக்கின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், நீண்ட ஆயுள் வேண்டிச் சாமந்தி மது அருந்துவது பழைய வழக்கம். ஜப்பானில் பேரரசரின் முத்திரையே 16 இதழ்ச் சாமந்திதான். அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டின் அட்டையிலும் சாமந்தி இருக்கிறது. பிரான்சிலோ நவம்பர் 1-ஐ ஒட்டிக் கல்லறைத் தோட்டங்கள் முழுக்கச் சாமந்தித் தொட்டிகள். அங்கே விருந்துக்குக் கூப்பிட்டவர் வீட்டுக்குச் சாமந்திக் கொத்தோடு போனால் அவர் முகம் மாறிவிடும்.

ஒரே பூ எப்படி ஆயுளாகவும் சாவாகவும் ஆனது? பதில் செடியிலேயே இருக்கிறது. பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் சாமந்தி இயல்பாக மொட்டு வைக்கும். இரவு பகல் நீளத்தைச் செடிகள் கணக்கு வைக்கின்றன என்பதை 1920-ல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், புகையிலையையும் சோயாவையும் வைத்து எழுதினார்கள். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனக் கவிஞர்கள் இதன் விளைவைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். மற்ற பூவெல்லாம் உதிர்ந்து, முதல் உறைபனி விழும் நேரத்தில் இது மட்டும் பூத்து நிற்கிறது. குளிருக்கு அசராத செடியை மூப்பிலும் தளராத மனிதருக்கு அடையாளமாக்கினார்கள். ஐரோப்பாவில் அதே பருவத்தில்தான் இறந்தோர் நாள் வருகிறது. அப்போது நன்றாகப் பூத்திருப்பது எதுவோ அதுதானே கல்லறைக்குப் போகும்! இரண்டு ஊரிலும் மனிதர்கள் பார்த்தது ஒரே நீண்ட இரவைத்தான். இன்று விளக்கு போட்டும் கறுப்புத் துணி மூடியும் வருடம் முழுக்கச் சாமந்தியைப் பூக்க வைக்கிறார்கள். அதனால் இந்தத் தொடர்பு நம் கண்ணில் படுவதில்லை. கதைகளைக் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்குத்தான்.

சிவப்புப் பாப்பிக்கும் இதே நியாயம். வயல்வெளிகளில் தானாக முளைக்கிற செடி. அதன் விதைப்பையில் மேல்மூடிக்குக் கீழே சிறு துளைகள் உண்டு. காற்று அசைக்கும்போதெல்லாம், மேசையில் இருக்கும் உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோல் விதை கொட்டும். மண்ணுக்குள் புதைந்தால் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். யாராவது மண்ணைக் கிளறி வெளிச்சம் பட்டால் முளைக்கும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்து வயல்களைக் கிளறியவை பீரங்கிக் குண்டுகளும், பதுங்குகுழியும் புதைகுழியும் தோண்டிய மண்வெட்டிகளும். 1915-ல் கனடாவின் ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே அங்கே கல்லறைகளுக்கிடையே பாப்பி பூத்திருந்ததைக் கவிதையாக எழுதினார். 1921 முதல் பிரிட்டனில், அந்தப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11-ஐ ஒட்டிச் சட்டையில் பாப்பி குத்திக்கொள்கிறார்கள். 1933-ல் கூட்டுறவு மகளிர் சங்கம் ஒன்று, போரே வேண்டாம் என்று சொல்ல வெள்ளைப் பாப்பியைக் கொண்டு வந்தது.

2010 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் குழுவோடு பெய்ஜிங் போனபோது, பாப்பியைக் கழற்றிவிடும்படி சீன அதிகாரிகள் கேட்டதாகச் செய்தி வந்தது. பிரிட்டன் அபினுக்காகச் சீனாவோடு போரிட்ட நாடு. வயல் பாப்பியும் அபின் பாப்பியும் வேறு வேறு இனம்தான். ஆனால் நினைவு அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. கேமரன் குழுவினர் கழற்றவில்லை. இரு தரப்பு உணர்வும் எனக்குப் புரிகிறது. "பாப்பி என்றால் நினைவு" என்று ஒரு வரியில் எழுதுகிறவர்கள் எந்த நாட்டின், யாருடைய நினைவு என்று சொல்வதே இல்லை.

அதற்காகப் பழையது எல்லாமே நுட்பமான கவனிப்பு என்று கொண்டாடவும் மாட்டேன். செடியின் உருவம் எந்த உறுப்பைப் போல இருக்கிறதோ அந்த உறுப்புக்கு அது மருந்து என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பூ கருப்பையைப் போல வளைந்திருந்ததால், பிரசவத்துக்கு நல்லது என்று கொடுத்தார்கள். அந்த இனச் செடிகளில் இருக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாழாக்கும், புற்றுநோயும் தரும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததற்கு இதே அமிலம்தான் காரணம். கதையைக் கதையாக மதிப்போம். வாயில் போடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்போம்.

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த பூவின் கதை. 1974 ஏப்ரல் 25, போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன். செலெஸ்த் கயெய்ரு என்ற பெண் வேலை பார்த்த உணவகத்துக்கு அன்று முதல் ஆண்டு நிறைவு. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கக் கார்னேஷன் பூக்கள் வாங்கி வைத்திருந்தார்கள். நகரத்தில் ராணுவப் புரட்சி என்பதால் கடை திறக்கவில்லை; பூக்களை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். வழியில் ஒரு சிப்பாய் அவரிடம் சிகரெட் கேட்டார். அவரிடம் இல்லை. கையிலிருந்த பூ ஒன்றைக் கொடுத்தார். சிப்பாய் அதைத் துப்பாக்கிக் குழாயில் செருகிக்கொண்டார். அப்புறம் மற்றவர்களும் கேட்டு வாங்கினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சர்வாதிகாரம் அன்றைக்கு விழுந்தது. போர்ச்சுகலில் இன்றும் அந்த நாளில் சிவப்புக் கார்னேஷன்தான்.

பூவுக்குப் பொருள் எழுதுகிறவர்கள், எந்த நாட்டில், எந்தக் காலத்தில், யார் அப்படி நினைத்தார்கள் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த பூக்கதை இருந்தால் அதே மாதிரி கீழே சொல்லுங்கள், ஆசையாகப் படிப்பேன்.