டேங்கைத் தட்டினால் பெட்ரோல் பம்ப் சரியாகிவிடுமா?

"பழைய காரில் பெட்ரோல் பம்ப் நின்றால் டேங்கை அடியில் தட்டுங்க, புது பம்ப் தேவையில்லை" என்று மதுரை, திருமங்கலம் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

தட்டினால் சில சமயம் ஓடும்தான். பம்ப் மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், அதிர்வில் கொஞ்ச நேரம் தொட்டுக்கொள்கிறது; அவ்வளவே. சூடேறினால் மறுபடி நிற்கும், அதுவும் நாலுவழிச் சாலை நடுவில். கார்புரேட்டர் மாருதி 800-இல் பம்ப் டேங்கிலேயே கிடையாது, எஞ்சினில் இருக்கிறது. தட்டி என்ன பயன்?

முதலில் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு கரண்டை விடும் சுவிட்ச்) பாருங்கள். சாவி போட்ட முதல் இரண்டு நொடியில் பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட் வந்து, எர்த்தும் சரியாக இருந்து, பம்ப் சத்தமே இல்லையென்றால் மாற்றத்தான் வேண்டும். கழற்றும் முன் பெட்ரோல் குழாயில் இருக்கும் பிரஷரை இறக்கி, பேட்டரி நெகட்டிவை எடுத்துவிடுங்கள். பம்ப் டேங்கில் உட்காரும் இடத்தில் பழைய ரப்பர் சீலையே திரும்பப் போட்டால் பெட்ரோல் வாடை வரும்.

வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சரிபார்க்கலாம். அந்தத் தகவலை இனி அனுப்பாதீர்கள்.