ஆரியமாலாவை எடுத்துவிட்டுக் கழுமரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு அரங்கில் நான் என் பேய்க்கதையை வாசித்தபோது நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். வராதவர்கள் படங்களையாவது பார்த்திருப்பீர்கள். என்னைத் தவிர எல்லோரும் இருக்கிற அந்தப் படங்களைத்தான் சொல்கிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை ஒரு தம்பி, "அக்கா, ஐயா நல்லதுக்குத்தானே சொன்னார்" என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு முடியவில்லை.

ஐயா என்றால் தொகுப்புக்குக் கதை எடுக்கும் எங்கள் மூத்த கவிஞர். அவர் சொன்ன நல்லது இதுதான்: "பேய் அருமையாக வந்திருக்கிறது. அந்த இரண்டு பெண்கள் விவகாரத்தை மட்டும் எடுத்துவிடும்மா, தொகுப்பில் சேர்த்துவிடலாம்." அரங்கம் கைதட்டியது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோத்தகிரி மாதிரி ஒரு சிற்றூர். சீசனும் இல்லை, திருவிழாவும் இல்லை; மழை ஓயாத நவம்பரில் ஒரு பொருட்காட்சி லாரிகளில் மேட்டுப்பாளையம் சாலையில் ஏறி வருகிறது. ராட்டினம், மரணக்கிணறு, டெல்லி அப்பளம், தலை மட்டும் பேசும் பெண், எல்லாம் உண்டு. பேய் வீடும் உண்டு. டிக்கெட் வாங்கி அதற்குள் போகிறவர்கள் அவரவர் வீட்டுக் கூடத்தில் போய் நிற்கிறார்கள். அவர்கள் எதைப் பூட்டி வைத்தார்களோ அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் செல்வியும் மரணக்கிணற்றில் பைக் ஓட்டும் ரோசியும் காதலிக்கிறார்கள். தெரிந்ததும் செல்வியை வீட்டார் அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். அவள் அந்த அறையிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை. பொருட்காட்சி போய்விடுகிறது, பேய் வீடு மட்டும் மைதானத்தைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு இரவும் அதன் ஒலிபெருக்கி ஒரு வீட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது.

இதில் அந்த இரண்டு பெண்களையும் எடுத்துவிட்டால் ஒலிபெருக்கி எதற்காகக் கூப்பிடும்? மின் கட்டணம் பாக்கி என்றா?

காத்தவராயன் கதையிலிருந்து அவன் காதலித்த ஆரியமாலாவை எடுத்துவிட்டுக் கழுமரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் பார்க்கலாம். அவன் எதற்குக் கழுவேறினான் என்று யாருக்காவது புரியுமா? ஆகாத காதலுக்குத் தண்டித்துவிட்டு, அப்புறம் பயந்து பீடம் போட்டுக் கும்பிட்ட ஊர்கள் நம்முடையவை. பேய்க்கதை நமக்கு அங்கிருந்துதான் வருகிறது. எனக்கும் அங்கிருந்துதான் வந்தது. காதலை எடுத்தால் பேய் இல்லை. இதை அரங்கிலேயே சொன்னேன், "உணர்ச்சிவசப்படாதேம்மா" என்றார்கள்.

"பள்ளிப் பிள்ளைகள் படிப்பார்களே" என்றார் இன்னொருவர். காட்டேரியையும் முனியையும் சொல்லிச் சோறு ஊட்டுகிற ஊர் இது. ஒரு பெண்ணைச் சாகும்வரை பூட்டி வைப்பது பிள்ளைகள் படிக்கலாமாம், அவள் இன்னொரு பெண்ணின் கையைப் பிடிப்பதுதான் ஆகாதாம்.

எனக்கு ஏழெட்டு வயதில் அத்தை என்னை மரணக்கிணற்றுக்குக் கூட்டிப்போனார். மேலே ஏறி நின்றால் பைக் சுற்றும் ஒவ்வொரு முறையும் காலடிப் பலகை அதிரும், பெட்ரோல் புகை கண்ணைக் கரிக்கும். சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டினாள். விளிம்பில் நீட்டிய ரூபாய் நோட்டுகளை ஓட்டத்திலேயே பறித்துக்கொண்டு போனாள். என் நோட்டையும் எடுத்தாள். விரலில் கிரீஸ் பட்டது, வீட்டுக்குப் போயும் கழுவவில்லை. அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது, ஆனால் அத்தைக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மறுநாள் கேட்டபோது, "ஒரு தடவை பார்த்தது போதும்" என்று சொல்லிவிட்டார்.

ஊர் சுற்றி ஆடிப் பிழைக்கிறவர்களைப் பார்த்து வருகிற பயமும் எங்களைப் பார்த்து வருகிற பயமும் வேறு வேறல்ல. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஊர் சுற்றிப் பிழைத்த சமூகங்களோடு, இன்று நாம் திருநங்கையர் என்று சொல்கிறவர்களையும் அது பட்டியலில் ஏற்றியது. பெண் உடையில் தெருவில் தென்பட்டாலோ, பொது இடத்தில் ஆடினாலோ பிடியாணை இல்லாமல் கைது, இரண்டு ஆண்டு வரை சிறை. அப்படியிருக்க என் கதையில் பொருட்காட்சி எதற்கு என்று கேட்கிறீர்கள்.

"நம் மலையில் இதெல்லாம் கிடையாது, நகரத்துச் சரக்கு" என்றும் ஒரு குரல். ஆமாம், குன்னூருக்கு மேலே ரயில் ஏறினால் எல்லோருக்கும் இது தானாகவே சரியாகிவிடும்! மதுரையில் ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்கள் வீட்டைவிட்டுச் சென்னைக்குத் தப்பி ஓடினார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கில்தான் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை 'மாற்றுகிறோம்' என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அதற்கு முன் தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதிக்கு அது முடிந்தது. நம் ஐயாவுக்கு நேரம் இல்லை.

எங்கள் ஆட்களே சிலர், "ஏற்கெனவே நம்மைப் பேயாகவும் கோமாளியாகவும்தான் காட்டுகிறார்கள், நீயும் ஏன்?" என்று கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் என் கதையில் பயப்பட வேண்டியது பூட்டுப் போட்ட கையைப் பார்த்து. இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை, மன்னியுங்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவு குற்றமில்லை, நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்று சொல்லிவிட்டது என்பதற்காக, நாங்கள் எழுதும் எல்லாக் கதைகளும் நன்னடத்தைச் சான்றிதழாக இருக்க வேண்டுமா?

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. என் பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர். அவரைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. "சிலோன்காரர்கள் வந்துதான் ஊர் கெட்டது" என்று கடைவீதியில் காதுபடச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தேன். ஐயாவும் எங்களைப் போல லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்தான். அவருடைய முதல் தொகுப்பு முழுக்க அந்த அவமானம்தான் இருக்கிறது. பதினோராம் வகுப்பில் அதைப் படித்துவிட்டுத்தான் நான் எழுத வந்தேன். அந்தத் தொகுப்பிலிருந்து லயத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், மீதிக் கவிதை அருமை என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் மேடையைவிட்டு இறங்கியிருப்பார்.

தொகுப்புக்குக் கதை இல்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். நாளை இங்கேயே முழுதாகப் போடுகிறேன். செல்வியும் இருப்பாள், ரோசியும் இருப்பாள்.

உள்பெட்டியில் வந்து, "அக்கா, எனக்குக் கதை ரொம்பப் பிடித்திருந்தது, அங்கே சொல்ல முடியவில்லை" என்று எழுதியவர்களுக்கு: அங்கே சொல்லியிருக்கலாம்.