காகிதத்தைக் காட்டினால் மெஷின், மெஷினைக் காட்டினால் காகிதம்

இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியதாக என் பெயரில் 2,000 ரூபாய் அபராதம் பதிவாகி இன்றோடு 41 நாள். அந்த அபராதத்தைப் போட்ட நேரத்தில் இன்சூரன்ஸ் தாள் என் கையில் இருந்தது. அதை நீட்டியபடி நின்றிருந்தேன். அது முடிய இன்னும் ஏழு மாதம் பாக்கி. பார்க்க மாட்டேன் என்று அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

காலை எட்டரை மணி. மகளைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தேன். அன்று அவளுக்குக் காலாண்டுத் தேர்வு. மேம்பாலம் இறங்கி முடிகிற இடத்தில், தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு காவலர் லத்தியோடு சட்டென்று சாலைக்கு வந்து கையை நீட்டினார். சரிவில் இறங்கும் வண்டிக்கு அந்தத் தூரம் போதாது. பிரேக்கை அழுத்தியதில் பின்சக்கரம் இழுத்தது. மகள் என் முதுகில் வந்து மோதினாள். வண்டி நின்ற மறுநொடி அவர் கை வண்டியின் சாவியில் இருந்தது. உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஓரமாகத் தள்ளிக்கொண்டு வா" என்றார்.

எனக்கு 44 வயது. அவருக்கு முப்பதுகூட இருக்காது. இதுவரை நான் செய்த குற்றம் என்ன என்று அவருக்கே தெரியாது. அதற்குள் "வா", "போ", "நில்லு". நான் "சார், சார்" என்று பேசிக்கொண்டிருக்கிறேன். பள்ளிச் சீருடையில் என் மகள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

உதவி ஆய்வாளர் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அபராதம் போடும் மெஷின். வண்டி எண்ணைத் தட்டினார். "இன்சூரன்ஸ் இல்லையே" என்றார். நான் சீட்டைத் தூக்கி, உள்ளே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். பாலிசி எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி, கட்டிய தொகை எல்லாம் அதில் இருக்கின்றன. பணம் கட்டிய ரசீதைக் கைப்பேசியிலும் காட்டினேன். "மெஷினில் வரவில்லை. மெஷினில் வந்தால்தான் கணக்கு" என்றார். தாளில் இருக்கும் எண்ணில் கூப்பிட்டு இப்போதே கேளுங்கள் சார் என்றேன். "உன் ஒருவனுக்காக நான் போன் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்றார். மெஷின் அபராதச் சீட்டைத் துப்பியது. சாவி திரும்பி வந்தது. மகள் தேர்வு அறைக்குள் போனபோது இருபது நிமிடம் தாமதம்.

இந்த இடத்தில் நான் ஒன்றரை ஆண்டு பின்னால் போக வேண்டும். அன்று மாவட்ட எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. வேறு அதிகாரிகள். ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார்கள். டிஜிலாக்கரில் இருந்ததைத் திறந்து காட்டினேன். அரசே நடத்துகிற செயலி அது. அரசின் கணினியிலிருந்தே நேராக இறங்கிய உரிமம் அது. "இதெல்லாம் செல்லாது, ஒரிஜினல் எங்கே?" என்றார்கள். வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்கவைத்து, அண்ணன், வீட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் விட்டார்கள்.

ஆக, அன்று கணினியில் இருப்பது செல்லவில்லை, கையில் அட்டை வேண்டும். இன்று கையில் தாள் இருக்கிறது, அது செல்லவில்லை, கணினியில் வேண்டும். நான் எதை வைத்துக்கொண்டால் இவர்கள் ஒப்புக்கொள்வார்கள்? இந்த ஒரு கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் போதும். நான் எதிலும் குறை வைக்கவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன். எது இல்லையோ அதைத்தான் கேட்பது என்று தீர்மானித்துக்கொண்டு நிற்பவர்களிடம் எந்தக் கட்டுக் காகிதம் உதவும்?

சட்டம் இதில் குழப்பமாக இருக்கிறது என்றால்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அப்படியும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139ஆம் விதி 2018 நவம்பரிலேயே திருத்தப்பட்டது. ஆர்.சி. என்ற பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், உரிமம், புகைச் சான்று எதையும் காகிதமாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம். 2020 அக்டோபர் 1 முதல் அதற்கும் மேலே ஒரு படி. கணினி வழியே சரிபார்த்துவிட்ட ஆவணத்தை மறுபடி காகிதமாகக் கேட்கவே கூடாது. இத்தனை ஆண்டுகளாகியும் சாலையில் நிற்பவரிடம் இதை யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் அவர் காதில் வாங்கவில்லையா? இரண்டில் எதுவாக இருந்தாலும் வெயிலில் நிற்பது நான்.

என் இன்சூரன்ஸ் ஏன் மெஷினில் வரவில்லை என்பதை அன்று இரவே கண்டுபிடித்துவிட்டேன். பாலிசி தாளையும் ஆர்.சி.யையும் அருகருகே வைத்து ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தேன். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் 17 எழுத்து. அதில் பன்னிரண்டாவது இடத்தில் ஆர்.சி.யில் பூஜ்யம், பாலிசியில் ஆங்கில ஓ. உலகம் முழுவதும் இந்த 17 எழுத்து எண்ணில் ஓ, ஐ, க்யூ என்ற மூன்று எழுத்துகளையும் பயன்படுத்துவதே இல்லை. பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பிவிடும் என்பதற்காகவே விலக்கிவைத்திருக்கிறார்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் போடுவதையே தொழிலாகக் கொண்ட அலுவலகத்தில் இருப்பவருக்கு அது தெரியவில்லை. தட்டச்சு செய்தார், பணத்தை வாங்கினார், தாளைக் கொடுத்தார். அரசின் வாஹன் பதிவேட்டில் அந்த எண்ணோடு எந்த வண்டியும் பொருந்தவில்லை. அதனால் அரசின் கண்ணில் என் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. தவறு செய்தவர் ஒருவர், சரிபார்க்காதது ஒரு கணினி, அபராதம் எனக்கு.

இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொல்கிறவன் நான் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பையனை ஐந்து ஆண்டுக்கு முன்பு ஒரு பைக் இடித்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. தீர்ப்பாயம் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு போட்டது. கொடுக்க வேண்டிய ஆளிடம் விற்க ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. அந்த உத்தரவு இன்றைக்கும் அவர்கள் வீட்டு அலமாரியில் மடித்து வைத்தபடியே இருக்கிறது. பையன் இன்னும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். இதைப் பார்த்தவன் நான். அதனால்தான் ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் புதுப்பித்து வருகிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது. அந்த மரத்தடியில் நான் நின்ற நேரத்தில் நிறுத்தாமல் விட்ட வண்டிகள் எத்தனை! அவற்றில் உண்மையாகவே இன்சூரன்ஸ் இல்லாதவை எத்தனை என்று எண் பலகையைத் தட்டினாலே தெரியும். அந்தப் பதிவேடு அரசின் கையில்தானே இருக்கிறது?

ஒரு வண்டிக்கு எத்தனை தேதிகளை நினைவில் வைப்பது? ஆர்.சி.க்கு 15 ஆண்டு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. உரிமத்துக்கு அதை வாங்கிய வயதைப் பொறுத்து ஒரு தேதி. புகைச் சான்றுக்கு புது வண்டியென்றால் முதல் ஆண்டு வேண்டாம், அதன் பிறகு பி.எஸ்.4, பி.எஸ்.6 என்ற புதிய புகைத் தரத்தில் வந்த வண்டிகளுக்கு ஓராண்டு, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம். இன்சூரன்ஸில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் வண்டிக்கான சேதக் காப்பீடு அதே தாளில் ஓராண்டோடு முடிந்துவிடும். ஒரே தாளில் இரண்டு தேதி. என் தம்பி ஓராண்டுத் தேதியைப் பார்த்துவிட்டுப் பயந்து இரண்டாவது முறை பணம் கட்டினான். அவனோடு வேலை பார்ப்பவர் ஐந்தாண்டுத் தேதியை மனதில் வைத்திருந்து, சேதக் காப்பீடு முடிந்ததே தெரியாமல் நான்கு மாதம் ஓட்டியிருக்கிறார்.

அபராதம் விழுந்தால் குறுஞ்செய்தி ஐந்தே நிமிடத்தில் வருகிறது. என் எண் அவர்களிடம் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதே எண்ணுக்கு, "அடுத்த வாரம் உங்கள் புகைச் சான்று முடிகிறது, புதுப்பியுங்கள்" என்று ஒரு வரி எனக்கு இன்றுவரை வந்ததில்லை. புகைச் சான்று இல்லையென்றால் சட்டம் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடமிருக்கிறது. அவ்வளவு பெரிய குற்றம் என்றால் அந்தச் சோதனையையாவது ஒழுங்காக நடத்த வேண்டாமா? போன முறை நான் போன மையத்தில் குழாயைச் சைலன்சருக்குள் விடவேயில்லை. அந்தப் பையன் எண் பலகையைப் படம் எடுத்தான், என் கைப்பேசிக்கு வந்த எண்ணைக் கேட்டான், தாளை அச்சடித்து நீட்டினான். என் வண்டி புகை கக்குகிறதா இல்லையா என்பது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. குழாயை விட்டுச் சோதித்துக் கொடு தம்பி என்று சண்டை போட்டு வாங்கி வந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என் மேல் எரிந்து விழுந்தார்கள்.

வங்கிக் கடன் முடிந்த பிறகும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருப்பது, விற்ற வண்டிக்குப் பழைய உரிமையாளர் பெயரில் அபராதம் வந்துகொண்டே இருப்பது என்று எழுத இன்னும் நிறைய உண்டு. அவற்றை எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

சாவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டியது என் கடமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு அது, மறுக்கவில்லை. வண்டியைப் பிடித்துவைக்க 207ஆம் பிரிவு இருக்கிறது. அது உரிமம், பதிவு, பெர்மிட் இல்லாமல் ஓடும் வண்டிகளுக்கானது. வண்டி நின்றதும் நிற்காததுமாகக் கையை விட்டுச் சாவியை உருவு என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. தப்பி ஓடிவிடுவார்கள் என்பார்கள். பள்ளிப் பையோடு பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

பாலம் இறங்கும் இடத்திலும் வளைவு முடியும் இடத்திலும் பாய்ந்து வந்து மறிப்பதை யார் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? 2018 மார்ச் 7 அன்று திருச்சி திருவெறும்பூர் அருகே நடந்தது மறந்துவிட்டதா? ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன கணவன் மனைவியைப் போக்குவரத்து ஆய்வாளர் விரட்டிப்போய் வண்டியை உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கீழே விழுந்து இறந்தார். ஆய்வாளர் கைதானார், ஆயிரக்கணக்கானோர் சாலையில் திரண்டார்கள். உயிரைக் காப்பாற்றத்தான் ஹெல்மெட். அந்தச் சோதனையிலேயே ஓர் உயிர் போயிற்று. அன்று என் பின்சக்கரம் இழுத்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் நினைவுதான் வந்தது. நேரான சாலையில், நூறு மீட்டருக்கு முன்பே ஒரு பலகையும் ஒளிரும் தடுப்பும் வைத்து நிறுத்தினால் யார் நிற்க மாட்டேன் என்பார்கள்?

காவலர்களின் பாடும் எனக்குத் தெரியும். தார் கொதிக்கும் சாலையில் பத்து மணி நேரம் புகையைக் குடித்துக்கொண்டு நிற்பது சாதாரண வேலை இல்லை. என் மாமா காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இதைச் சொன்னபோது, "மெஷினில் வராவிட்டால் நம்பரைக் குறித்துக்கொண்டு தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். இதற்கு ஏன் அபராதம்?" என்றுதான் கேட்டார். அந்த யோசனை அன்று நாற்காலியில் இருந்தவருக்கு ஏன் வரவில்லை?

அடுத்த நாளே இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். பூஜ்யத்தைத் திருத்திப் புதுத் தாள் தர ஒன்பது நாள் ஆயிற்று. யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அதற்குப் பிறகு அபராத இணையதளத்தில் புகார் பதிந்தேன். பழைய பாலிசி, திருத்திய பாலிசி, ரசீது, ஆர்.சி. நான்கையும் இணைத்தேன். அபராதம் போட்ட காவல் நிலையத்தை அணுகவும் என்று பதில் வந்தது. அரை நாள் விடுப்புப் போட்டு நிலையத்துக்குப் போனேன். "ஆன்லைனில் போட்டதை நாங்கள் எடுக்க முடியாது, ஆன்லைனிலேயே பாருங்கள்" என்றார்கள். மறுபடி புகார். மறுபடி அதே பதில், எழுத்து மாறாமல். பேசாமல் 2,000 ரூபாயைக் கட்டித் தொலையுங்கள், நிலுவை இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எந்த வேலையும் நகராது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கட்டினால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டாவது முறை என்றால் இந்தக் குற்றத்துக்கு 4,000. செய்யாத முதல் குற்றத்தை நான் ஏன் என் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

கட்ட மாட்டேன். நேற்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பியிருக்கிறேன். இரண்டு பாலிசி தாள்களிலும் அந்தப் பன்னிரண்டாவது எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். இன்று காலை எண்ணைத் தட்டிப் பார்த்தேன். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது என்று இப்போது அரசின் கணினியே காட்டுகிறது. அதே திரையில், அதற்குக் கீழேயே, இன்சூரன்ஸ் இல்லாததற்கான அபராதம் நிலுவை என்றும் காட்டுகிறது.